யூரியாவிலும் 46, ரி.எஸ்.பி.யிலும் 46: பசளை மூட்டையின் எண்களை வாசிப்பது எப்படி?

பெரும்போக விதைப்பு நெருங்கினால் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் பேச்சு பசளையில்தான் போய் நிற்கும். விலை, தட்டுப்பாடு, மானியம் எல்லாவற்றையும் பேசுகிறோம். மூட்டையில் அச்சிட்ட எண்களை மட்டும் அவ்வளவாகப் பேசுவதில்லை. யூரியா மூட்டையில் 46 என்று இருக்கிறது. பொசுபரசு தரும் ரி.எஸ்.பி. (திரிபிள் சுப்பர் பொசுபேற்று) மூட்டையிலும் 46. பொற்றாசியம் தரும் எம்.ஓ.பி.யில் 60. "ரெண்டும் 46 தானே, எதைப் போட்டால் என்ன?" என்ற கேள்வியும், "அப்ப எம்.ஓ.பி.தானே சத்துக் கூட?" என்ற கேள்வியும் இங்கிருந்துதான் பிறக்கின்றன.

இரண்டு கேள்விகளுக்கும் விடை சாதாரண தரப் பாடத்திலேயே இருக்கிறது: சடப்பொருள், அளவீடு, மூலக்கூற்றுத் திணிவு. ஓர் எண்ணைக் கண்டால், அது எந்தப் பொருளின் அளவு, எதற்குள் இருக்கும் அளவு என்று கேட்க வேண்டும். இந்த இரண்டும் தெரியாத எண்ணை இன்னோர் எண்ணோடு ஒப்பிட முடியாது.

மூட்டைக்குள் இருப்பது என்ன?

இடத்தை அடைத்துக்கொண்டு திணிவும் உடையது எதுவோ அது சடப்பொருள். அதை மூன்றாகப் பிரித்தால் நமக்குப் போதும்.

1. மூலகம்: ஒரே வகை அணுக்களால் ஆனது. நைதரசன், பொசுபரசு, பொற்றாசியம் மூன்றும் மூலகங்கள். பயிர் தேடுவது இவற்றை.

2. சேர்வை: மூலகங்கள் மாறாத விகிதத்தில் இரசாயன முறையில் பிணைந்தது. யூரியா ஒரு சேர்வை. சீனாவில் செய்தாலும் கட்டாரில் செய்தாலும் தூய யூரியாவின் ஒவ்வொரு மூலக்கூறிலும் ஒரு காபன், ஒரு ஒட்சிசன், இரண்டு நைதரசன், நான்கு ஐதரசன் அணுக்கள்தான் இருக்கும்.

3. கலவை: விகிதம் நிலையில்லாதது. அடிக்கட்டுக்கு, அதாவது விதைப்பின்போது இடுவதற்கு, கலந்து விற்கும் பசளை ஒரு கலவை. அதில் எது எவ்வளவு என்பதைக் கலந்தவர்தான் சொல்ல வேண்டும். இரசாயன வாய்பாட்டைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

பயிருக்கு மூலகம் தேவை என்று சொன்னாலும், அந்த மூலகத்தை அப்படியே மூட்டையில் கட்டித் தர முடியாது. தூய நைதரசன் ஒரு வாயு. பொற்றாசியம் தண்ணீரில் விழுந்தால் தீப்பற்றும் உலோகம். வெண்பொசுபரசு காற்றிலேயே பற்றிக்கொள்ளும். அதனால் மூன்றும் சேர்வைகளாகவே வருகின்றன. சேர்வையில் நமக்குத் தேவையான மூலகம் ஒரு பங்குதான். அந்தப் பங்கு எவ்வளவு என்பதே மூட்டைக் கணக்கின் முழு விஷயம்.

கிலோ, வாளி, ஏக்கர்

அளவீடு என்பது ஓர் எண்ணும் ஓர் அலகும் சேர்ந்தது. வயலில் பிழை வருவது பெரும்பாலும் அலகில்.

முதற்பிழை, கனவளவைத் திணிவாக எடுப்பது. தராசு கைவசம் இல்லாதபோது வாளியாலோ பேணியாலோ அளந்து வீசுவது வழக்கம். யூரியா மணிகள் லீற்றருக்கு ஏறக்குறைய முக்கால் கிலோதான் வரும், எம்.ஓ.பி. லீற்றருக்கு ஒரு கிலோவை ஒட்டி வரும். 10 லீற்றர் வாளி நிறைய யூரியா 7.5 கிலோ, அதே வாளியில் எம்.ஓ.பி. 10 கிலோ. "ரெண்டிலும் ஒவ்வொரு வாளி" என்றால் அளவு சமமில்லை. ஒவ்வொரு பசளைக்கும் ஒருமுறை தராசில் வைத்து, வாளியில் கோடு போட்டுக்கொண்டால் இந்தச் சிக்கல் தீரும்.

இரண்டாவது பிழைக்கு விலை அதிகம். சிபாரிசுகள் ஹெக்டெயருக்கு எழுதப்படுகின்றன; நம் வயல் வட்டைகளில் கணக்கு ஏக்கரில் ஓடுகிறது. ஒரு ஹெக்டெயர் 2.47 ஏக்கர். ஹெக்டெயருக்கு 225 கிலோ யூரியா என்று ஒரு தாள் சொன்னால், ஏக்கருக்கு 91 கிலோ. 50 கிலோ மூட்டை இரண்டுக்கும் குறைவு. அந்த 225ஐ ஏக்கருக்கு என்று வாசித்தவர் நாலரை மூட்டை வீசுவார். பயிர் கரும்பச்சையாக வளர்ந்து, தண்டு மெலிந்து, கதிர் முற்றும் நேரத்தில் மழைக்காற்றில் சாயும். அறக்கொட்டிப் பூச்சிக்கும் எரிபந்த நோய்க்கும் அந்தக் கொழுத்த பயிர் நல்ல இடம்.

எத்தனை தசமதானம் வரை கணக்குப் போடுவது? கல்குலேற்றர் 91.0931 என்று காட்டும். கையால் வீசும்போது வரும் ஏற்றத்தாழ்வு அந்தத் தசமங்களையெல்லாம் விழுங்கிவிடும். 91 போதும், உண்மையில் 90 போதும்.

யூரியாவின் 46 எங்கிருந்து வருகிறது?

ஓர் அணுவைத் தராசில் வைக்க முடியாது. அதனால் காபன்-12 அணுவின் திணிவைச் சரியாக 12 என்று வைத்து, மற்ற அணுக்களை அதனோடு ஒப்பிடுகிறோம். கிடைப்பது சார் அணுத்திணிவு. அதற்கு அலகு இல்லை. கணக்குக்குத் தேவையானவை: ஐதரசன் 1, காபன் 12, நைதரசன் 14, ஒட்சிசன் 16, பொசுபரசு 31, கந்தகம் 32, குளோரீன் 35.5, பொற்றாசியம் 39.1, கல்சியம் 40.

மூலக்கூறிலுள்ள எல்லா அணுக்களினதும் சார் அணுத்திணிவைக் கூட்டினால் சார் மூலக்கூற்றுத் திணிவு. யூரியாவுக்கு:

காபன் 1 × 12 = 12
ஒட்சிசன் 1 × 16 = 16
நைதரசன் 2 × 14 = 28
ஐதரசன் 4 × 1 = 4
மொத்தம் 60

60 பங்கில் 28 பங்கு நைதரசன். 28 ÷ 60 × 100 = 46.7 வீதம். முற்றிலும் தூய யூரியாவில் இருக்கக்கூடிய உச்சம் இதுதான். "50 வீத யூரியா" என்று யாராவது விற்க வந்தால், அது யூரியா இல்லை அல்லது அது உண்மை இல்லை. மூட்டையில் 46 என்று இருப்பதன் பொருள், உள்ளே கிட்டத்தட்ட 98.5 வீதம் யூரியா. மீதி ஈரமும், தயாரிப்பின்போது யூரியா சூடேறி உண்டாகும் பையூரெற்று போன்ற சிறு கழிவுகளும். 50 கிலோ மூட்டைக்குள் நைதரசன் 23 கிலோ.

மூல் என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். சார் மூலக்கூற்றுத் திணிவு எத்தனையோ, அத்தனை கிராம் எடுத்தால் அது ஒரு மூல். 60 கிராம் யூரியா ஒரு மூல். 18 கிராம் தண்ணீரும் ஒரு மூல். இரண்டிலும் மூலக்கூறுகளின் எண்ணிக்கை ஒன்றே: 6.022 × 10²³. இந்த எண் அவகாதரோ மாறிலி. 2019 மே 20 முதல் மூலின் வரைவிலக்கணமே இந்த எண்ணில்தான் நிற்கிறது. தாக்கங்கள் மூலக்கூறுக்கு மூலக்கூறு நடக்கின்றன, நமக்கோ கிராமில்தான் நிறுக்கத் தெரியும். இரண்டுக்கும் இடையில் போய்வர மூல் உதவுகிறது.

ரி.எஸ்.பி.யின் 46 வேறு 46

யூரியா மூட்டையின் 46 நைதரசன் என்ற மூலகத்தின் வீதம். ரி.எஸ்.பி. மூட்டையின் 46 பொசுபரசு என்ற மூலகத்தின் வீதம் அல்ல. அது ‘பி2ஓ5’ எனப்படும் பொசுபரசு ஐந்தொட்சைட்டின் வீதம். இதில் வேடிக்கை என்னவென்றால், மூட்டையை எவ்வளவு கிளறினாலும் பொசுபரசு ஐந்தொட்சைட்டு ஒரு துளியும் கிடைக்காது. உள்ளே இருப்பது கல்சியத்தின் இருஐதரசன் பொசுபேற்று. குவிந்திருக்கும் நெல்லை "இத்தனை மூட்டை அரிசி" என்று சொல்வது போன்ற கணக்கு இது: களத்தில் அரிசி இல்லை, குற்றினால் வரக்கூடிய அளவைச் சொல்கிறோம்.

19ஆம் நூற்றாண்டில் பகுப்பாய்வாளர்கள் மாதிரியை எரித்துச் சாம்பலாக்கி, அதிலுள்ளவற்றை ஒட்சைட்டுகளாக அறிக்கையிட்டார்கள். வியாபாரமும் அதையே பிடித்துக்கொண்டது, இன்றுவரை விடவில்லை. அவுஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் மூலகத்தின் வீதத்தையே எழுதுகின்றன. நமக்கு வருவது ஒட்சைட்டுக் கணக்கு. மாற்றுவது இப்படி:

1. பொசுபரசு ஐந்தொட்சைட்டின் சார் மூலக்கூற்றுத் திணிவு: 2 × 31 + 5 × 16 = 142. அதில் பொசுபரசு 62. 62 ÷ 142 = 0.437. ரி.எஸ்.பி.யின் 46ஐ இதனால் பெருக்கினால் 20. ஆக 50 கிலோ மூட்டையில் பொசுபரசு 10 கிலோதான்.

2. எம்.ஓ.பி.யின் 60, ‘கே2ஓ’ என்ற பொற்றாசியம் ஒட்சைட்டின் வீதம். 2 × 39.1 + 16 = 94.2. அதில் பொற்றாசியம் 78.2, விகிதம் 0.83. ஆகவே பொற்றாசியம் 50 வீதம், மூட்டைக்கு 25 கிலோ.

எம்.ஓ.பி. என்பது பொற்றாசியம் குளோரைட்டு. அதன் சார் மூலக்கூற்றுத் திணிவு 74.6, பொற்றாசியம் 52.4 வீதம், ஒட்சைட்டுக் கணக்கில் 63. மூட்டையில் 60 என்றால் தூய்மை ஏறக்குறைய 95 வீதம். மீதியில் பெரும்பங்கு சாப்பாட்டு உப்புதான். வாவியோரத்தில் ஏற்கெனவே உப்பேறிய வயல்களுக்கு எம்.ஓ.பி. போடுபவர்கள், மூட்டையில் பாதிக்குச் சற்றுக் குறைவாகக் குளோரைட்டும் வயலுக்குள் போகிறது என்பதை நினைவில் வைப்பது நல்லது.

இன்னொன்று: வீதம் கரைதிறனைச் சொல்லாது. எப்பாவல பொசுபேற்றுப் பாறையிலும் பொசுபரசு ஏராளம். ஆனால் அது அபற்றைற்று என்ற கனிமமாக இருப்பதால் தண்ணீரில் மிக மெதுவாகவே கரைகிறது. தென்னைக்கும் தேயிலைக்கும் வருடக்கணக்கில் காத்திருக்க முடியும். மூன்றரை மாத நெல்லுக்கு அந்தப் பொறுமை இல்லை.

விலையை எதற்கு ஒப்பிடுவது?

மூட்டை விலையை மூட்டை விலையோடு ஒப்பிடக் கூடாது. நைதரசன் கிலோவுக்கு என்ன விலை என்று பார்க்க வேண்டும். அமோனியம் சல்பேற்றின் சார் மூலக்கூற்றுத் திணிவு 132, அதில் நைதரசன் 28, அதாவது 21 வீதம். 50 கிலோவில் 10.5 கிலோ. உதாரணத்துக்கு யூரியா மூட்டை 9,000 ரூபாய், அமோனியம் சல்பேற்று 6,000 ரூபாய் என்று வைப்போம். நைதரசன் கிலோவுக்கு யூரியாவில் 391 ரூபாய். மற்றதில் 571 ரூபாய். மலிவாகத் தெரிந்தது மலிவில்லை. அமோனியம் சல்பேற்றில் கந்தகமும் கிடைக்கிறது என்பது உண்மை. நிலத்தில் கந்தகக் குறைவு இருந்தால் மட்டும் அதற்குப் பெறுமதி உண்டு.

2021: போத்தலும் மூட்டையும்

2021 மே மாதம் வெளியான வர்த்தமானியோடு இரசாயனப் பசளை இறக்குமதி நின்றது. அந்த வருடம் ஒக்டோபரில் இந்தியாவிலிருந்து நனோ நைதரசன் திரவம் விமானத்தில் வந்திறங்கியது. நவம்பரில் தடை தளர்ந்தாலும் பெரும்போகம் அதற்குள் தொடங்கிவிட்டது. "ஒரு போத்தல் ஒரு மூட்டைக்குச் சமம்" என்ற பேச்சு அப்போது எல்லா வட்டைகளிலும் ஓடியது. கணக்கைப் பார்ப்போம்.

அந்த நனோ யூரியாத் திரவத்துக்கு அப்போது அறிவிக்கப்பட்ட செறிவு 4 வீதம் நைதரசன். அதாவது 100 மில்லிலீற்றருக்கு 4 கிராம். 500 மில்லிலீற்றர் போத்தலில் 20 கிராம். மூட்டையில் 23 கிலோ. திணிவில் ஒரு மூட்டைக்குச் சமமாக 1,150 போத்தல் வேண்டும்.

"இலையில் தெளிப்பது வீணாகாது, மண்ணில் போடுவது வீணாகிறது" என்பது அதற்குச் சொல்லப்பட்ட பதில். வீணாகிறது என்பது உண்மை. மூட்டையில் 70 வீதம் வீண் என்றே வைத்துக்கொண்டாலும், பயிருக்கு 6.9 கிலோ போகிறது. போத்தலில் ஒரு துளியும் வீணாகாவிட்டாலும் 20 கிராம்தான். துணிக்கை எவ்வளவு சிறிதானாலும் அதிலுள்ள நைதரசன் அணுக்களின் எண்ணிக்கை கூடாது. இலையின் நிறத்தை மாற்ற அந்த 20 கிராம் உதவலாம். ஒரு ஏக்கர் நெல்லின் கதிரை நிரப்பாது.

கூட்டெருவின் பிரச்சினை வேறு. 1 வீதம் நைதரசன் உள்ள கூட்டெருவில் 23 கிலோ நைதரசன் வேண்டுமென்றால் 2,300 கிலோ ஏற்ற வேண்டும். அதிலும் பெரும்பகுதி நுண்ணுயிர்கள் உடைத்த பிறகே பயிருக்கு எட்டும். மண்ணுக்குக் கூட்டெரு நல்லது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் ஒரே போகத்தில் ஒரு மாவட்டத்துக்கே அதை மட்டும் வைத்து நைதரசன் கொடுப்பது உழவு இயந்திரமும் பெட்டியும் சம்பந்தப்பட்ட கணக்கு, அது ஒத்துவரவில்லை.

வீசிய யூரியா எங்கே போகிறது?

இரசாயன மாற்றத்தில் திணிவு அழிவதில்லை. "பசளை பறந்து போயிற்று" என்று சொல்வது பேச்சு வழக்கு மட்டுமல்ல, சரியான விவரணமும்கூட.

மண்ணிலுள்ள யூரியேசு என்ற நொதியம் யூரியாவைத் தண்ணீரோடு சேர்த்து உடைக்கிறது. ஒரு மூல் யூரியா (60 கிராம்), ஒரு மூல் தண்ணீர் (18 கிராம்). கிடைப்பது இரண்டு மூல் அமோனியா (34 கிராம்), ஒரு மூல் காபனீரொட்சைட்டு (44 கிராம்). இடப்பக்கம் 78, வலப்பக்கம் 78. இந்த விகிதத்தில் 50 கிலோ யூரியா 28 கிலோ அமோனியா ஆகலாம். அமோனியா ஒரு வாயு. ஈரமான மண்ணின் மேல், வெயிலில், காற்று வீசும்போது யூரியா கிடந்தால், மண் பிடித்துக்கொள்ளும் முன் ஒரு பங்கு காற்றில் போகும். தண்ணீரைக் குறைத்து, வீசிய கையோடு மண்ணுக்குள் இறங்கும்படி மெல்லப் பாய்ச்சினால் இழப்பு குறையும். நிறைந்து வழியும் வயலில் வீசினால் வரம்பு உடைப்பால் அடுத்தவர் வயலுக்குப் போகும்.

கலந்து வைப்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. யூரியாவையும் ரி.எஸ்.பி.யையும் முதல்நாளே கலந்து சாக்கில் கட்டி வைத்தவர்கள் மறுநாள் கூழைக் கண்டிருப்பார்கள். "காத்து ஈரம்" என்று சொல்லப்படும். ஈரமும் ஒரு காரணம்தான்: 30 பாகையில் காற்றின் சாரீரப்பதன் 72 வீதத்தைத் தாண்டினாலே யூரியா ஈரத்தை இழுக்கத் தொடங்கும், கரையோரத்தில் இரவில் அதற்குக் குறைவாக இருப்பது அரிது. ஆனால் முக்கிய காரணம் உள்ளே இருக்கிறது. ரி.எஸ்.பி.யிலுள்ள பொசுபேற்று, மூலக்கூறுக்கு ஒரு தண்ணீரைப் பளிங்குக்குள் பிடித்து வைத்திருக்கிறது. யூரியா வந்து அந்த இடத்தில் பிணைந்தால் தண்ணீர் வெளியே தள்ளப்படும். 252 பங்கில் 18 பங்கு தண்ணீர். தாக்கம் முழுதாக நடந்தால் 50 கிலோ ரி.எஸ்.பி. மூட்டையிலிருந்து ஏறக்குறைய 3 லீற்றர் தண்ணீர் வெளிவரலாம். அதனால் இரண்டையும் கலப்பதென்றால் வீசும் வேளையில், வீசும் அளவுக்கு மட்டும்.

கிணற்று நீர் அறிக்கையில் அதே குழப்பம்

காத்தான்குடி, ஆரையம்பதியிலிருந்து கல்முனை, நிந்தவூர், அக்கரைப்பற்று வரை கரையோரத்தில் கிணறுகள் மணலில், ஆழமின்றி இருக்கின்றன. மணலுக்கு எதையும் பிடித்து வைக்கும் குணமில்லை. மிளகாய்ப் பாத்திக்கும் மரக்கறிக்கும் போடும் யூரியா மணலில் நைத்திரேற்றாக மாறி நீரோடு இறங்கும். மலசலகூடக் குழியிலிருந்தும் நைத்திரேற்று வரும்; எங்கிருந்து வந்தது என்பதை அறிக்கையின் எண் சொல்லாது. சேறாக நீர் நிற்கும் நெல்வயலில் நிலைமை வேறு: அங்கே ஒட்சிசன் இல்லாத மண்ணில் நைத்திரேற்று பெரும்பாலும் நைதரசன் வாயுவாகி வெளியேறிவிடும்.

நைத்திரேற்று அயனில் ஒரு நைதரசனும் மூன்று ஒட்சிசனும்: 14 + 48 = 62. இலங்கையின் குடிநீர் நியமம் லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று. அமெரிக்க நியமம் 10 மில்லிகிராம், ஆனால் அது நைதரசனாகக் கணக்கிட்டது. ஐந்து மடங்கு வித்தியாசம் போலத் தெரியும். 10ஐ 62 ÷ 14, அதாவது 4.43 ஆல் பெருக்கினால் 44. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றே.

ஆய்வுகூட அறிக்கை 12 என்று சொல்கிறதென்றால் அதன் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். "நைத்திரேற்றாக" என்றால் 12, கவலையில்லை. "நைதரசனாக" என்றால் 12 × 4.43 = 53; நியமத்தைத் தாண்டிவிட்டது. எதுவும் எழுதாவிட்டால் ஆய்வுகூடத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும்வரை அந்த எண்ணை நம்ப வேண்டாம்.

இந்த எல்லை முதன்மையாக ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளுக்காக வைக்கப்பட்டது. நைத்திரேற்று உடலில் நைத்திரைற்றாக மாறி, குருதி ஒட்சிசன் காவுவதைத் தடுக்கிறது. குழந்தை நீலம் பாரிக்கும். கொதிக்கவைத்த நீர் பாதுகாப்பானது என்ற நம்பிக்கை கிருமிக்குச் சரி, நைத்திரேற்றுக்குச் சரியல்ல. தண்ணீர் ஆவியாகும், நைத்திரேற்று பானையிலேயே நிற்கும். லீற்றருக்கு 45 மில்லிகிராம் இருந்த ஒரு லீற்றர் நீர் கொதித்து 800 மில்லிலீற்றராக வற்றினால், செறிவு லீற்றருக்கு 56 மில்லிகிராம். எல்லைக்குள் இருந்த நீர் அடுப்பிலேயே எல்லையைத் தாண்டிவிடுகிறது. அப்படியான கிணறு உள்ள வீட்டில் புட்டிப்பால் கரைக்க வேறு இடத்து நீர்தான் வேண்டும்.